அண்டோரா போய்வருவது எப்படி: விசா முதல் மலையுச்சி வரை

அண்டோராவுக்குள் நுழைவது பெரிய காரியமில்லை. பார்சிலோனாவிலோ துலூஸிலோ பேருந்து ஏறினால் மூன்று மணி நேரத்தில் மலைக்கு நடுவே இறக்கிவிடுவார்கள். பல நாட்களில் பாஸ்போர்ட்டைக்கூட யாரும் கேட்பதில்லை. சிக்கலெல்லாம் திரும்பும்போதுதான். விசா, வாங்கிய பொருள், வாகன நெரிசல், பனி என எதுவானாலும் வெளியேறும் வழியில்தான் ஆட்கள் மாட்டிக்கொள்கிறார்கள். எனவே திரும்பும் நாளை முதலில் முடிவு செய்துவிட்டு, அங்கிருந்து பின்னோக்கித் திட்டம் போடுவதே சரி.

பிரனீஸ் மலைத்தொடரின் கிழக்குப் பக்கம், பிரான்சுக்கும் ஸ்பெயினுக்கும் இடையே 468 சதுர கிலோமீட்டர் பரப்பில் இருக்கிறது இந்த நாடு. கடல் இல்லை, ரயில் இல்லை, நாட்டுக்குள் விமான நிலையமும் இல்லை. இருப்பதிலேயே தாழ்வான இடம் கடல்மட்டத்திலிருந்து 840 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. தலைநகர் அண்டோரா லா வெல்லா ஏறத்தாழ 1,020 மீட்டரில். உச்சியான கோமா பெட்ரோசா 2,942 மீட்டர். ஆறுகளை மட்டும் வரைந்து பார்த்தால் கவட்டைக் கொம்பு போல இருக்கும். வடமேற்கிலிருந்து வடக்கு வலிராவும் வடகிழக்கிலிருந்து கிழக்கு வலிராவும் வந்து எஸ்கால்டெஸில் கூடி, ஒரே ஆறாகத் தெற்கே ஸ்பெயினுக்குள் இறங்குகின்றன. ஊர், சாலை, ஹோட்டல், கடை எல்லாம் இந்த மூன்று கோடுகளை ஒட்டியே இருக்கின்றன. மற்றதெல்லாம் காடு, புல்வெளி, பாறை.

எங்கே தங்குவது என்ற கேள்விக்கும் இதிலேயே பதில் இருக்கிறது. கடைவீதியும் பேருந்து வசதியும் வேண்டுமென்றால் அடிக்கொம்பில், அதாவது அண்டோரா லா வெல்லா அல்லது எஸ்கால்டெஸ். பனிச்சறுக்கு என்றால் வலக்கிளையில் கனில்யோ, சோல்டேயு. மலை நடைக்கு இடக்கிளையில் லா மசானா, ஆர்டினோ. பிரான்ஸ் எல்லையில் இருக்கும் பாஸ் டே லா காசாவில் கடைகளும் பனிச்சறுக்குத் தளமும் தவிர வேறொன்றும் கிடையாது. கோடையில் அங்கே அறை எடுத்துவிட்டு வருத்தப்படுவோர் அதிகம்.

விசா: ஸ்டிக்கரில் ஒரே ஒரு கட்டத்தைப் பாருங்கள்

அண்டோரா ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லை, ஒரே விசாவில் சுற்றிவரக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் கூட்டான ஷெங்கனிலும் இல்லை. தனியாகச் சுற்றுலா விசா கேட்பதும் இல்லை. ஆனால் ஸ்பெயின், பிரான்ஸ் வழியாக மட்டுமே அங்கே போக முடியும் என்பதால் ஷெங்கன் விசா இல்லாமல் எல்லையைத் தொடவே முடியாது. சட்டப்படி பார்த்தால் அண்டோராவுக்குள் கால் வைக்கும்போது ஷெங்கனை விட்டு வெளியேறுகிறீர்கள். திரும்பி வருவது இரண்டாவது நுழைவு.

இந்திய, இலங்கைப் பாஸ்போர்ட்டில் பயணம் செய்பவர்கள் இங்கேதான் தவறுகிறார்கள். விசா ஸ்டிக்கரில் நுழைவுகளின் எண்ணிக்கை அச்சிட்ட கட்டம் ஒன்று இருக்கும். அதில் 01 என்று இருந்தால் அண்டோராவை மறந்துவிடுங்கள். 02 அல்லது பலமுறை நுழைவு என்று இருக்க வேண்டும். 02 விசாவில் ஏற்கெனவே ஒருமுறை லண்டன் போய்த் திரும்பியிருந்தால் அந்த இரண்டும் தீர்ந்தன.

விண்ணப்பிக்கும்போதே பயணத் திட்டத்தில் அண்டோராவை எந்தத் தேதி, எத்தனை இரவு என்று எழுதுங்கள். பலமுறை நுழைவு கேட்பதற்கு அதுவே காரணம் என்று முகப்புக் கடிதத்தில் ஒரு வரி சேர்த்துவிடுங்கள். ஸ்பெயினில் அதிக இரவுகள் தங்குவதாக இருந்தால் ஸ்பெயின் தூதரகம், பிரான்சில் அதிகமென்றால் பிரான்ஸ் தூதரகம்.

'எல்லையில் யாரும் பார்ப்பதில்லை, எத்தனையோ பேர் ஒற்றை நுழைவு விசாவில் போய் வந்திருக்கிறார்கள்' என்று சொல்லக் கேட்டிருப்பீர்கள். உண்மைதான், பெரும்பாலான நாட்களில் பார்ப்பதில்லை. ஆனால் ஸ்பெயின் பக்கத்து லா ஃபர்கா டே மோலெஸ் சாவடியில் பேருந்தை ஓரங்கட்டி எல்லோருடைய பாஸ்போர்ட்டையும் வாங்கிப் பார்க்கும் நாளும் உண்டு. அன்று நீங்கள் செல்லாத விசாவோடு எல்லையில் நிற்பீர்கள். ஊருக்குத் திரும்பும் விமானமோ பார்சிலோனாவில் இருக்கும்.

இன்னொரு கணக்கும் உண்டு. அண்டோராவில் கழிக்கும் நாட்கள் ஷெங்கனில் தங்க அனுமதிக்கும் 90 நாளில் சேராது என்பது விதி. ஆனால் ஷெங்கனை விட்டு வெளியேறியது எங்கும் பதிவாகாவிட்டால், அந்த நாட்களில் நீங்கள் எங்கே இருந்தீர்கள் என்று நிரூபிப்பது உங்கள் பாடு. ஹோட்டல் ரசீதுகளை வைத்திருங்கள். அதற்காக அந்த நாட்களை நம்பி ஷெங்கன் தங்கலை நீட்டாதீர்கள். பிரான்ஸ், சுவிட்சர்லாந்து போன்ற நாடுகளில் வசிக்கும் தமிழர்களுக்கு இந்தத் தலைவலி இல்லை. செல்லுபடியாகும் வதிவிட அட்டையும் பாஸ்போர்ட்டும் சேர்ந்து கையில் இருந்தால் போதும். அட்டையை வீட்டில் வைத்துவிட்டு வராதீர்கள்.

விசாவுக்காக எடுத்த பயணக் காப்பீட்டையும் ஒருமுறை புரட்டிப் பாருங்கள். பல திட்டங்கள் ஷெங்கன் நாடுகளை மட்டுமே குறிப்பிடும். அண்டோராவின் பெயர் அதில் தனியாக இருக்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தின் நலவாழ்வு அட்டையும் இங்கே செல்லாது. நாட்டில் இருப்பது ஒரே பொது மருத்துவமனை, எஸ்கால்டெஸில். பனிச்சறுக்கில் கால் ஒடிந்து எக்ஸ்ரே எடுத்து மாவுக்கட்டுப் போட்டால் பில் உங்கள் பெயருக்கே வரும்.

இரண்டே வாசல்

தெற்கே சிஜி-1 சாலை ஸ்பெயினுக்கு, கிழக்கே சிஜி-2 சாலை பிரான்சுக்கு. பால் (Pal) என்ற கிராமத்தைத் தாண்டி போர்ட் டே கபூஸ் கணவாய் வரை ஒரு தார்ச்சாலை ஏறுகிறது; அதற்கு அந்தப் பக்கம் ஸ்பெயினில் மண்பாதைதான். அதை வழியாகக் கணக்கில் எடுக்காதீர்கள். 2019 ஆகஸ்டில் சான்ட் ஜூலியா அருகே மலைச்சரிவு விழுந்து சிஜி-1 அடைபட்டபோது, இந்த நாடு எத்தனை மெல்லிய கயிற்றில் தொங்குகிறது என்று எல்லோருக்கும் தெரிந்தது.

பார்சிலோனாவிலிருந்து ஏறத்தாழ 200 கி.மீ. விமான நிலையத்தின் இரண்டு முனையங்களிலிருந்தும், நகரில் நோர்ட் பேருந்து நிலையத்திலிருந்தும் நேரடிப் பேருந்துகள் உண்டு. ஒருவழிக் கட்டணம் 30 யூரோவுக்கு மேல் இருக்கும். இரண்டு வழியும் சேர்த்து வாங்கினால் கொஞ்சம் குறையும். விமானம் தாமதமானால் அடுத்த பேருந்துக்கு மாற்றித் தருவார்களா என்று டிக்கெட் வாங்கும்போதே பாருங்கள். கார் என்றால் இரண்டு வழி. சி-16 சாலையில் காடி சுரங்கம் வழியாகப் போனால் சுங்கம் கட்ட வேண்டும். போன்ஸ் ஊர் வழியாக சி-14இல் போனால் கட்ட வேண்டாம். நேரம் பெரிதாக வேறுபடாது. வாடகைக் கார் எடுக்கும்போது ஒப்பந்தத்தில் அண்டோராவுக்கு அனுமதி இருக்கிறதா என்று கேளுங்கள்.

துலூஸ் பக்கத்திலிருந்து தூரம் கொஞ்சம் குறைவு, வளைவுகள் அதிகம். ரயிலில் வர விரும்புபவர்கள் துலூஸிலிருந்து லோஸ்பிட்டாலே நிலையத்தில் இறங்கலாம். அங்கிருந்து பாஸ் டே லா காசா 12 கி.மீ. போல இருக்கும். ஆனால் ரயிலுக்கும் அங்கிருந்து கிளம்பும் பேருந்துக்கும் பொருத்தம் நன்றாக இருப்பதில்லை. ரயில் நேரத்தைப் பார்க்கும் முன் பேருந்து நேரத்தைப் பாருங்கள். அது கடைத்தெரு இல்லாத சின்ன ஊர். குளிரில் இரண்டு மணி நேரம் காத்திருக்க ஏற்ற இடமில்லை.

பிரான்ஸ் வழியில் வந்தால் என்வலிரா கணவாயைத் தாண்ட வேண்டும். 2,408 மீட்டர், பிரனீஸில் தார் போட்ட கணவாய்களிலேயே உயரமானது. 2002இல் திறந்த ஏறத்தாழ 3 கி.மீ. சுரங்கம் அதன் அடியில் போகிறது. அதற்குச் சுங்கம் உண்டு. கோடையில் மேலேயே போங்கள்; காசும் மிச்சம், காட்சியும் கிடைக்கும். குளிர்காலத்தில் யோசிக்காமல் சுரங்கம்தான்.

உள்ளே சுற்ற எல்1 முதல் எல்6 வரை பேருந்து வரிசைகள் இருக்கின்றன. எல்லாம் அண்டோரா லா வெல்லாவில் சேரும். பாஸ் டே லா காசாவுக்கு எல்4, அரின்சாலுக்கு எல்5, ஆர்டினோவுக்கு எல்6. இரவு ஒன்பது தாண்டினால் பேருந்து அரிதாகிவிடும்.

கைபேசியை எல்லைக்கு முன்பே அடக்குங்கள்

ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் எங்கே போனாலும் உள்ளூர்க் கட்டணம் என்ற விதி இங்கே கிடையாது. நாட்டில் ஒரே நிறுவனம், அண்டோரா டெலிகாம். பிரெஞ்சு, ஸ்பானிய சிம் வைத்திருப்பவர்கள் எதுவும் செய்யாமல் உள்ளே வந்தால், வரைபடம் பார்த்த பத்து நிமிடத்துக்கே வாய் பிளக்க வைக்கும் பில் வரலாம். ஐரோப்பா முழுக்கச் செல்லும் என்று விற்கும் பயண இ-சிம்களிலும் அண்டோரா பெரும்பாலும் விடுபட்டிருக்கும். பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள்.

செய்ய வேண்டியது: எல்லைக்கு 10 கி.மீ. முன்னாலேயே டேட்டா ரோமிங்கை நிறுத்துங்கள். வரைபடத்தை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். மூன்று நாளுக்கு மேல் தங்குவதென்றால் அண்டோரா டெலிகாமின் சுற்றுலா சிம் வாங்கிவிடுங்கள். நாட்டுக் குறியீடு 376. அவசர உதவிக்கு 112, காவல்துறைக்கு 110, ஆம்புலன்ஸுக்கு 116, தீயணைப்புக்கு 118.

பணம் யூரோ. தனக்கென ஒரு நாணயம் அண்டோராவுக்கு இருந்ததே இல்லை. முன்பு ஸ்பானிய பெசேட்டாவும் பிரெஞ்சு பிராங்கும் புழங்கின. 2011இல் ஐரோப்பிய ஒன்றியத்தோடு ஒப்பந்தம் போட்ட பிறகே யூரோ முறையான நாணயமானது. அண்டோரா அச்சிட்ட யூரோ நாணயம் சில்லறையில் வந்தால் செலவழிக்காதீர்கள், சேகரிப்பவர்கள் தேடுவார்கள். தபாலும் இதே கதைதான்: ஸ்பெயின் தபால், பிரான்ஸ் தபால் இரண்டும் இங்கே இயங்குகின்றன. ஸ்பானிய அஞ்சல் தலையை ஒட்டிப் பிரெஞ்சுப் பெட்டியில் போட்டால் கடிதம் போகாது.

கடைவீதி: எது மலிவு, எது மலிவில்லை

ஆண்டுக்கு 80 லட்சம் முதல் ஒரு கோடி பேர் வந்துபோகும் நாட்டில் குடியிருப்பவர்கள் சுமார் 87,000 பேர். வருபவர்களில் பெரும்பகுதி காலையில் வந்து மாலையில் போகும் ஸ்பானியர், பிரெஞ்சுக்காரர். அவர்களை இழுப்பது வரி வித்தியாசம். 2013 வரை மதிப்புக்கூட்டு வரி போன்ற பொது வரியே இல்லை; அந்த ஆண்டு வந்த ஐஜிஐ வரி 4.5 விழுக்காடு. ஸ்பெயினில் இது 21, பிரான்சில் 20. தனிநபர் வருமான வரி 2015இல்தான் வந்தது, அதுவும் உச்சமே 10 விழுக்காடு.

இந்த வித்தியாசம் எல்லாப் பொருளிலும் வாங்குபவர் கைக்கு வந்து சேர்வதில்லை. சிகரெட், மது, வாசனைத் திரவியம், பெட்ரோல் இவை நிச்சயம் மலிவு. பனிச்சறுக்கு உடையும் காலணியும் பருவ முடிவில், மார்ச் கடைசியில் நல்ல விலைக்குக் கிடைக்கும். கைபேசி, மடிக்கணினி, கேமராவில் லாபம் சொற்பம். இணையக் கடையின் விலை சிலசமயம் அதைவிடக் குறைவாக இருக்கும். வாங்கும் முன் ஒரு நிமிடம் ஒப்பிட்டுவிடுங்கள். சாப்பாடும் அறை வாடகையும் மலிவே இல்லை. நிலம் கொஞ்சம், கட்டத் தட்டையான இடம் அதைவிடக் கொஞ்சம்.

ஆண்டில் நான்கு நாள் கடைகள் மூடியிருக்கும்: ஜனவரி 1, மார்ச் 14, செப்டம்பர் 8, டிசம்பர் 25. அந்தத் தேதிகளில் கடைக்கென்று வந்து ஏமாறாதீர்கள். டிசம்பர் 6 முதல் 8 வரை ஸ்பெயினில் விடுமுறை சேர்ந்து வரும். அந்த நாட்களில் சிஜி-1இல் வண்டிகள் ஊர்ந்து செல்லும்.

இனி சுங்கம். அண்டோராவிலிருந்து ஒன்றியத்துக்குள் வரி கட்டாமல் ஒருவர் கொண்டுபோகக்கூடியது இவ்வளவு:

- சிகரெட் 300, அல்லது சுருட்டு 75, அல்லது குழாய்ப் புகையிலை 400 கிராம்
- 22 டிகிரிக்கு (22 விழுக்காடு ஆல்கஹால்) மேற்பட்ட மது 1.5 லிட்டர், அல்லது அதற்குக் குறைந்தது 3 லிட்டர். அதோடு சாதாரண ஒயின் 5 லிட்டர்
- காப்பி 1 கிலோ, தேயிலை 200 கிராம், சீஸ் 4 கிலோ, வெண்ணெய் 1 கிலோ, சர்க்கரையும் மிட்டாயும் 5 கிலோ
- உடை, கருவி, கைபேசி போன்ற தொழிற்பொருள்கள் மொத்தம் 900 யூரோ. 15 வயதுக்குட்பட்டவருக்கு 450
- உணவு, விவசாயப் பொருள்கள் மொத்தம் 300 யூரோ. 15 வயதுக்குட்பட்டவருக்கு 150

புகையிலையும் மதுவும் 17 வயது நிரம்பாதவர்களுக்குக் கிடையாது. குழந்தையின் பங்கில் ஒரு பாட்டில் சேர்க்கும் தந்திரம் செல்லாது.

பலரும் தவறும் இடம், பங்கு பிரிப்பது. இரண்டு பெரியவர்களும் ஒரு பத்து வயதுப் பிள்ளையும் போனால் 900, 900, 450 சேர்த்து 2,250 யூரோ என்பது சரி. ஆனால் 1,200 யூரோ கைபேசி ஒன்றை இருவர் கணக்கில் பாதிப் பாதியாக எழுத முடியாது. ஒரு பொருள், ஓர் ஆள். வரம்பைத் தாண்டிய பொருளுக்கு அதன் முழு விலை மீதும் வரி விழும். ஸ்பெயினுக்குள் 21 விழுக்காடு, அதாவது 252 யூரோ. பேசாமல் பார்சிலோனாவிலேயே வாங்கியிருக்கலாம்.

ரசீதுகளை மடித்துப் பையின் அடியில் போடாதீர்கள், கைக்கு எட்டும் இடத்தில் வையுங்கள். நீங்கள் கொண்டுவந்த கேமராவோ மடிக்கணினியோ புத்தம் புதிதாக இருந்தால் அதற்கும் பழைய ரசீதின் படம் கைபேசியில் இருக்கட்டும். சோதனை எல்லைச் சாவடியோடு முடிவதில்லை. ஸ்பெயின் பக்கம் லா செயு துர்ஜெல் ஊரைத் தாண்டியும், பிரான்ஸ் பக்கம் என்-20 சாலையிலும் நடமாடும் சுங்கப் படையினர் நிறுத்துவார்கள். முக்கியமாக சிகரெட். கடத்தல் இந்த மலைகளின் பழைய தொழில்; புகையிலை மூட்டையை முதுகில் சுமந்து இரவில் கணவாய் தாண்டியவர்கள் இருந்த ஊர். சுங்கக்காரர்களுக்கும் அந்த ஞாபகம் உண்டு. ஒரு பாக்கெட் கூடுதலாக இருந்தாலும் நீங்களாகச் சொல்லி வரி கட்டினால் வரியோடு போகும். மறைத்துப் பிடிபட்டால் பொருளும் போய் அபராதமும் விழும்.

சான்ட் ஜூலியாவில் கோடையில் புகையிலைத் தோட்டங்களை இன்னும் பார்க்கலாம். 1909 முதல் 1957 வரை ஓடிய ரெய்க் சிகரெட் ஆலை இப்போது அருங்காட்சியகம். இந்த நாட்டின் பொருளாதாரம் எப்படி ஆடுமாட்டிலிருந்து புகையிலைக்கும், அங்கிருந்து கடைக்கும் பனிக்கும் வங்கிக்கும் நகர்ந்தது என்று புரிந்துகொள்ள அங்கே ஒரு மணி நேரம் செலவழிப்பது நல்லது. கதையின் இன்னொரு பாதி மின்சாரம். 1929இல் நீர்மின் உரிமையை வாங்கிய நிறுவனம் பதிலுக்குச் சாலை போட்டுத் தர வேண்டும் என்பது ஒப்பந்தம். எங்கோலாஸ்டெர்ஸ் ஏரித் தண்ணீரைக் கீழே இறக்கி மின்சாரம் எடுத்த மின்நிலையம் 1934இல் ஓடத் தொடங்கியது. சாலை வந்த பிறகுதான் கடைகள் வந்தன.

மனிதர்களும் மொழியும்

ஆட்சிமொழி கட்டலான் ஒன்றுதான். ஸ்பானிய மொழி எல்லோருக்கும் தெரியும், பிரெஞ்சு பலருக்கும் தெரியும், ஆங்கிலம் ஹோட்டலிலும் பனிச்சறுக்குத் தளத்திலும் நடக்கும். கடைக்குள் நுழையும்போது 'போன் தியா', நன்றிக்கு 'மெர்சி', கிளம்பும்போது 'அதேவு'. இந்த மூன்றும் போதும், முகம் மலர்ந்துவிடும்.

அண்டோராக் குடியுரிமை பெற்றவர்கள் மக்கள்தொகையில் பாதிக்கும் குறைவு. நான்கில் ஒருவர் போல ஸ்பானியர், பத்தில் ஒருவர் போல போர்த்துக்கீசியர், அப்புறம் பிரெஞ்சுக்காரர், அர்ஜென்டினர். காப்பி கொண்டுவந்து வைக்கும் இளைஞர் பெரும்பாலும் பனிக்காலத்துக்கு மட்டும் வேலை அனுமதி பெற்று வந்தவர். குடியுரிமை எளிதில் கிடைக்காது: 20 ஆண்டு வசித்திருக்க வேண்டும், பழைய குடியுரிமையைக் கைவிட வேண்டும். பள்ளிகள்கூட மூன்று வகை, அண்டோரா, பிரெஞ்சு, ஸ்பானியப் பாடத்திட்டம் தனித்தனியாக.

நாட்டுத் தலைவர்கள் இருவர், 'இணை இளவரசர்கள்' என்பது பட்டம்; இருவரும் வெளிநாட்டில் இருப்பவர்கள். ஒருவர் ஸ்பெயினில் இருக்கும் உர்ஜெல் மறைமாவட்ட ஆயர், மற்றவர் பிரான்ஸ் அதிபர். 1278இல் ஆயருக்கும் ஃபுவா பிரபுவுக்கும் நடந்த உடன்படிக்கையில் பிறந்த ஏற்பாடு இது. பிரபுவின் உரிமை கைமாறி பிரான்ஸ் மன்னருக்கும், பிறகு அதிபருக்கும் போனது. மன்னராட்சியைத் தூக்கியெறிந்த பிரான்சின் குடியரசுத் தலைவர் இன்னொரு நாட்டில் இளவரசர்! 1993இல் அரசியலமைப்பு வந்து, அதே ஆண்டு ஐ.நா.வில் சேர்ந்த பிறகு அதிகாரம் 28 பேர் கொண்ட நாடாளுமன்றத்திடம் இருக்கிறது. 1580இல் கட்டிய காசா டே லா வால் என்ற கல்வீட்டில் பழைய அவை கூடியது. உள்ளே ஆவணங்கள் வைத்த மரப்பேழை ஒன்று இருக்கிறது. ஏழு பூட்டு, நாட்டின் ஏழு பிரிவுகளுக்கும் ஒவ்வொரு சாவி. ஏழு ஊரும் கூடினால்தான் திறக்க முடியும். பார்வை நேரத்தை முன்பதிவு செய்துகொள்ளுங்கள், இடம் சிறியது.

சாப்பாட்டில் ஒரு எச்சரிக்கை மட்டும். முட்டைக்கோசும் உருளைக்கிழங்கும் பிசைந்து வறுத்த 'திரின்ஷாத்' பார்க்கச் சைவம் போல இருக்கும்; மேலே பன்றிக்கொழுப்புத் துண்டு இருக்கும், உள்ளேயும் கலந்திருக்கும். சைவர்கள் சுட்ட கத்தரிக்காய், குடமிளகாயில் செய்யும் 'எஸ்கலிவாதா' கேளுங்கள், நெத்திலி வேண்டாம் என்று சேர்த்துச் சொல்லுங்கள்.

கோமா பெட்ரோசா ஏறுவது

கயிறும் கருவியும் இல்லாமல் ஏறக்கூடிய உச்சி. அதற்காக எளிதென்று எண்ணிவிடாதீர்கள்: ஏறத்தாழ 1,400 மீட்டர் ஏற்றம், அதே அளவு இறக்கம், பழகிய நடைக்கு 7 முதல் 8 மணி நேரம். ஜூன் கடைசி முதல் செப்டம்பர் கடைசி வரைதான் காலம். ஜூன் நடுவிலும் மேல் பள்ளங்களில் பனி கெட்டியாகக் கிடக்கும். சாதாரணக் காலணியோடு அதில் சறுக்கினால் நிற்பது பாறையில்தான்.

அரின்சால் ஊரைத் தாண்டிச் சுரங்கத்துக்கு அப்பால் உள்ள நிறுத்துமிடத்திலிருந்து தொடங்குங்கள். காலை 7 மணிக்கு முன்னால் கிளம்பினால் நிறுத்த இடமும் கிடைக்கும், மதியத்துக்குள் உச்சியிலிருந்து இறங்கவும் முடியும். ஜூலை, ஆகஸ்டில் மதியம் இரண்டுக்கு மேல் இடிமழை திரளும். மரமே இல்லாத முகட்டில் மின்னலுக்கு நீங்கள்தான் உயரமான பொருள். பகல் பன்னிரண்டுக்குள் உச்சி தெரியாவிட்டால் திரும்பிவிடுங்கள்.

முதல் பகுதி காட்டுக்குள். சிவப்பு வெள்ளைப் பட்டைகளே ஜிஆர்-11 என்ற நெடுந்தூர நடைபாதையின் அடையாளம், அவற்றைப் பின்பற்றுங்கள். இரண்டு ஓடைகள் கூடும் இடத்தில் பாலம், பிறகு ஏற்றம் செங்குத்தாகும். இரண்டு, இரண்டரை மணி நேரத்தில் 2,260 மீட்டரில் உள்ள கோமாபெட்ரோசா தங்கல்வீடு வரும். கோடையில் ஆள் இருப்பார்கள். சூப், காப்பி கிடைக்கும். இரவு தங்க முன்பதிவு வேண்டும். மூச்சு வாங்குபவர்கள், குழந்தைகளோடு வருபவர்கள் இங்கேயே பக்கத்து ஏரியைப் பார்த்துவிட்டுத் திரும்பலாம். அதுவே நல்ல ஒருநாள் நடை.

தங்கல்வீட்டுக்கு மேல் புல் குறைந்து கல் கூடும். எஸ்தானி நேக்ரே, அதாவது கறுப்பு ஏரி, 2,600 மீட்டருக்கு மேலே. இங்கேதான் வழி தவறும். ஜிஆர்-11 பட்டைகள் இந்த இடத்தைத் தாண்டி பயாவு கணவாய் வழியாக ஸ்பெயினுக்குப் போய்விடும். அவற்றை விட்டுப் பிரிந்து, அடுக்கிவைத்த கற்குவியல்களையும் மஞ்சள் புள்ளிகளையும் பார்த்து வலப்பக்கம் முகடு பிடிக்க வேண்டும். பேச்சு சுவாரஸ்யத்தில் சிவப்பு வெள்ளையையே பின்தொடர்ந்து போனவர்கள் அந்தப் பக்கம் இறங்கி, திரும்ப ஏற வேண்டியதாகிறது.

கடைசி முகடு உதிரிக் கல். ஏறும்போது தெரியாது, இறங்கும்போது கால் வழுக்கும். ஒருவர் மேலே, ஒருவர் நேர்கீழே என்று நடக்காதீர்கள், கல் உருண்டால் கீழே இருப்பவர் தலைக்கு வரும். மடக்குத் தடிகள் இரண்டு இருந்தால் முழங்கால் பிழைக்கும். ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர். ஓடை நீர் தெளிவாக இருந்தாலும் மேலே மாடு, குதிரை மேய்கின்றன, வடிகட்டாமல் குடிக்காதீர்கள். ஆகஸ்டிலும் ஒரு காற்றுச்சட்டை பையில் இருக்கட்டும். கணுக்கால் பிசகினால் 112. தீயணைப்புத் துறையின் மலைமீட்புக் குழு வரும். சிக்னல் இல்லாத பள்ளங்கள் உண்டு, தனியாகப் போகாதீர்கள்.

இவ்வளவு ஏற்றம் வேண்டாமென்றால் ஆர்டினோவுக்கு மேலே திரிஸ்தாய்னா ஏரிகள். மூன்று ஏரியும் சுற்றிவர மூன்று மணி நேரம். பல நாள் நடக்க விரும்புபவர்களுக்கு 92 கி.மீ. கொரோனாயாக்ஸ் சுற்று, நான்கு தங்கல்வீடுகளை இணைத்து ஐந்து நாளில் முடியும். 2004இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த மத்ரியு பள்ளத்தாக்கும் அந்த வழியில் வரும். நாட்டின் பரப்பில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு, ஒரு வண்டிச் சாலைகூட இல்லை. இடையர்களின் கல்குடிசை, உலைக்களம், மேய்ச்சல் நிலம் எல்லாம் நடந்துதான் பார்க்க வேண்டும்.

குளிர்காலத்தில் காரோடு வருபவர்களுக்கு

நவம்பர் 1 முதல் மே 15 வரை குளிர்கால டயர் இருக்க வேண்டும், இல்லையென்றால் சங்கிலி காரில் இருக்க வேண்டும். பார்சிலோனாவில் எடுக்கும் வாடகைக் காரில் இரண்டும் இருக்காது. சங்கிலியைக் கேட்டு வாங்குங்கள். டயரின் பக்கவாட்டில் எழுதியிருக்கும் அளவோடு பெட்டியில் இருக்கும் அளவை அங்கேயே ஒப்பிட்டுப் பாருங்கள். பொருந்தாத சங்கிலி என்வலிராவில் பனிப்புயலுக்கு நடுவே தெரியவந்தால் ஒன்றும் செய்ய முடியாது.

நகரிலேயே, காய்ந்த தரையில், ஒருமுறை மாட்டிக் கழற்றிப் பழகுங்கள். இயந்திரம் எந்தச் சக்கரத்தை இழுக்கிறதோ அதில் மாட்ட வேண்டும். சிறிய கார்களில் பெரும்பாலும் முன்சக்கரம். மாட்டிய பின் நூறு மீட்டர் ஓட்டி நிறுத்தி, தளர்ந்திருந்தால் இறுக்குங்கள். 50 கி.மீ. வேகத்தைத் தாண்டாதீர்கள். தார் தெரியத் தொடங்கியதும் கழற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் சங்கிலி அறுந்து சக்கர வளைவில் அடித்துத் தகரத்தைக் கிழிக்கும். ரப்பர் கையுறையும் முட்டி போட ஒரு பழைய பாயும் பின்பெட்டியில் இருக்கட்டும். டீசல் கார் என்றால் மலைக்கு மேலே வந்து நிரப்புங்கள். கடற்கரையில் நிரப்பிய டீசல் கடுங்குளிரில் இரவெல்லாம் நின்றால் காலையில் மெழுகாகி வடிகட்டியை அடைத்துக்கொள்ளும்.